ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதமா?
(எந்திரங்கள் கற்றுக்கொண்ட கணக்கின் வரலாறு)



சில மாதங்களுக்கு முன் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் என்னிடம் ஒரு கேள்வி கேட்டான். "ஐயா, எங்க அக்கா டெலிபோன்ல என்ன கேட்டாலும் அது பதில் சொல்லுது. அது எந்தப் பள்ளிக்கூடத்துல படிச்சுச்சு?" வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் வீட்டுக்குப் போன பிறகு யோசித்துப் பார்த்தேன். பையன் கேட்டதில் சிரிக்க ஒன்றுமில்லை. எந்திரம் படிக்கிறது என்றால் யாரோ அதற்குப் படிக்கும் முறையைச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும் அல்லவா? அந்த முறை எங்கே பிறந்தது? யார் வளர்த்தார்கள்? அதில் நம்மவர்களுக்குப் பங்கு உண்டா?

நான் பெரிய படிப்புப் படித்தவன் அல்லன். ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழ் பெற்ற சாதாரண தமிழ்ப்பள்ளி வாத்தியார். இருந்தாலும் தேடிப் படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்ள ஆசைப்படுகிறேன். கணக்கு என்றதும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இந்தக் கதை நம் பால் ஸ்டோரிலிருந்தே தொடங்குகிறது.

அப்பாவின் இரண்டு வாளி

என் அப்பா பால்மரம் வெட்டியவர். விடியற்காலைப் பெரட்டுக்கு அவர் கிளம்பும்போது நாங்கள் தூங்கிக்கொண்டிருப்போம். மரம் வெட்டி, மங்கில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றி, ஸ்டோருக்குக் கொண்டுவந்து நிறுப்பார். நிறுத்த எடைக்கு அப்படியே கூலி கிடைக்காது. பாலில் தண்ணீரும் இருக்கிறது, ரப்பரும் இருக்கிறது. ரப்பர் எத்தனை பங்கு என்று பார்க்க வேண்டும். அதற்காகக் கிராணி வாளியிலிருந்து கொஞ்சம் பாலை எடுத்துச் சோதிப்பார். 40 கிலோ பாலில் நூற்றுக்கு 30 பங்கு ரப்பர் என்றால் 12 கிலோ. நூற்றுக்கு 25 பங்கு என்றால் 10 கிலோதான். அந்தக் கொஞ்சம் பாலில்தான் ஒரு குடும்பத்தின் அன்றாடக் கூலி அடங்கியிருந்தது.

ஒருநாள் மழைத் தூறல். அப்பாவின் ஒரு வாளியில் மழைத் தண்ணீர் கலந்துவிட்டது. இன்னொரு வாளி தூறலுக்கு முன்பே நிரம்பியது, நல்ல பால். கிராணி தண்ணீர் கலந்த வாளியிலிருந்து மட்டும் எடுத்தார். அப்பா, "ஐயா, ரெண்டையும் கலக்கிட்டு எடுங்கய்யா" என்றார். "எனக்கே சொல்லித் தர்றியா?" என்று அவருக்குத் திட்டுதான் கிடைத்தது. அன்றைக்குக் கூலி குறைந்தது.

அப்பா பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவர். ஆனால் அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியம், "கலக்கிட்டு எடுங்க" என்பது, இந்த நூற்றாண்டின் மிகப் பெரிய கணக்குகளுக்கெல்லாம் அடிப்படை என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். உண்மைதான். ஆனால் எந்தச் சோறு? யார் எடுத்த சோறு? அடியில் தீய்ந்ததா, மேலே வேகாததா? இந்தக் கேள்வியை மறந்துவிடாமல் என்னோடு வாருங்கள்.

பாதிரியார் போட்ட கணக்கு

இங்கிலாந்தில் தாமஸ் பேயிஸ் என்று ஒரு பாதிரியார் இருந்தார். அவர் 1761-இல் இறந்தார். அவர் எழுதி வைத்திருந்த ஒரு கட்டுரையை அவருடைய நண்பர் ரிச்சர்ட் பிரைஸ் எடுத்துத் திருத்தி அனுப்ப, 1763-இல் அது அச்சாகியது. அதன் சாரம் என்ன? நமக்கு ஏற்கெனவே ஒரு நம்பிக்கை இருக்கிறது. புதிதாக ஒரு சான்று கிடைக்கிறது. அந்தச் சான்றுக்குத் தக்கபடி நம்பிக்கையை எவ்வளவு மாற்றிக்கொள்வது என்பதைக் கணக்காகச் சொல்லலாம்.

கணக்குக்காக ஓர் எடுத்துக்காட்டு. 100 நாளில் 20 நாள் காலை மழை பெய்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த 20 நாளில் 15 நாள், முந்தின மாலையே வானம் கறுத்திருந்தது. மழை பெய்யாத 80 நாளிலும் 20 நாள் மாலை வானம் கறுத்திருந்தது. இன்று மாலை வானம் கறுத்திருக்கிறது. நாளை மழை வருமா? கறுத்த நாள்கள் மொத்தம் 35. அவற்றில் மழை வந்தது 15. ஆகவே நூற்றுக்குச் சுமார் 43 பங்கு வரலாம். முதலில் 20 என்று நினைத்தோம், வானத்தைப் பார்த்தபின் 43 என்கிறோம். "வரும்" என்றும் சொல்லவில்லை, "வராது" என்றும் சொல்லவில்லை. எவ்வளவு உறுதி என்பதையும் சேர்த்துச் சொல்கிறோம். இதற்குத்தான் நிகழ்தகவு என்று பெயர்.

இது நேர்மையான பேச்சு என்று எனக்குத் தோன்றுகிறது. தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்லாமல், தெரிந்த அளவை அளந்து சொல்லும் பேச்சு. ஆனால் ஒரு சங்கடம் இருந்தது. வானம் ஒன்றைப் பார்த்தால் கணக்கு எளிது. பார்க்க வேண்டியவை ஆயிரம், இலட்சம் என்று பெருகினால்? எல்லாவற்றையும் எண்ணிக் கூட்டிப் பார்க்க மனித ஆயுள் போதாது. பேயிஸின் வழி நல்ல வழிதான், ஆனால் பெரிய ஊருக்குப் போகாத ஒற்றையடிப் பாதையாகவே நெடுங்காலம் கிடந்தது. அதை நெடுஞ்சாலையாக்கிய கதையில் நம் இந்திய மண்ணுக்கும் பெரும் பங்கு உண்டு.

சணல் வயலில் ஒரு பேராசிரியர்

பிரசாந்த சந்திர மகலனோபிஸ் 1893-இல் கல்கத்தாவில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் படித்துத் திரும்பி, பிரசிடென்சி கல்லூரியில் பௌதிகம் சொல்லிக் கொடுத்தவர். 1931-இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கினார்.

அந்நாளில் வங்காளத்தின் பெரிய வருமானம் சணல். அரிசி மூட்டைக்குச் சாக்குத் தைக்கிறோமே, அந்தச் சணல்தான். எவ்வளவு நிலத்தில் சணல் பயிராகிறது என்று முன்கூட்டியே தெரிந்தால்தான் அரசாங்கத்துக்கும் வியாபாரிக்கும் வழி தெரியும். ஒவ்வொரு வயலாகப் போய் எண்ணுவதென்றால் ஆயிரக்கணக்கான ஆட்கள் வேண்டும். மகலனோபிஸ் 1937-இல் வேறு வழியைச் சோதிக்கத் தொடங்கினார். நிலப்படத்தில் சிறு சிறு கட்டங்களைச் சீட்டுக் குலுக்குவதுபோல் தேர்ந்தெடுத்து, அந்தக் கட்டங்களுக்கு மட்டும் ஆள் அனுப்பி அளக்கச் சொன்னார். "இந்த வயலுக்குப் போக வழி நல்லா இருக்கு, இங்கேயே பார்த்துடுவோம்" என்று அளப்பவர் தாமாகத் தேர்ந்தெடுக்க இடமில்லை. குலுக்கலில் எது வந்ததோ அங்கேதான் போக வேண்டும், சேறானாலும் சரி, ஆற்றைக் கடந்தாலும் சரி.

பலர் கேலி செய்தார்கள். சில கட்டங்களைப் பார்த்து முழு மாகாணத்தைச் சொல்வதா என்றார்கள். 1940-களில் முழு எண்ணிக்கையும் மாதிரிக் கணக்கும் ஒப்பிடப்பட்டபோது, மாதிரிக் கணக்கே வியாபாரத்தில் தெரியவந்த உண்மை அளவுக்கு நெருங்கி நின்றது. செலவோ ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு! அது எப்படி? கூட்டம் கூட்டமாக அவசரத்தில் எடுத்த ஆட்கள் செய்த முழுக்கணக்கைவிட, நன்றாகப் பயிற்சி பெற்ற சிலர் கவனமாகச் செய்த சிறுகணக்கு மேலாக இருந்தது.

இன்னொன்றும் செய்தார் மகலனோபிஸ். ஒரே வட்டாரத்துக்கு இரண்டு குழுக்களைத் தனித்தனியாக அனுப்பினார். தனித்தனி மாதிரி, தனித்தனிக் கணக்கு. இரண்டு குழுவின் விடையும் ஒட்டி வந்தால் நம்பலாம். விலகி வந்தால், அந்த விலகலே நம் கணக்கில் எவ்வளவு சந்தேகம் உண்டு என்பதைக் காட்டிவிடும். இந்த இரண்டு குழுக்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மறுபடியும் சந்திப்போம். இந்த அனுபவத்தின் மேல்தான் 1950-இல் இந்தியாவின் தேசிய மாதிரி ஆய்வு தொடங்கியது.

வேலை தேடி வந்த இளைஞர்

இங்கே மாணவர்களுக்காக ஒரு கிளைக்கதை. சி. இராதாகிருஷ்ண ராவ் என்ற தெலுங்குக் குடும்பத்து இளைஞர் போர்க்காலத்தில் இராணுவத்தில் ஒரு கணக்கு வேலை கேட்டுக் கல்கத்தாவுக்குப் போனார். வேலை கிடைக்கவில்லை. அங்கே தற்செயலாக மகலனோபிஸின் நிறுவனத்தைப் பற்றிக் கேள்விப்பட்டு, 1941-இல் அதில் சேர்ந்தார். 1945-இல், 25 வயதில், அவர் எழுதிய ஒரு கட்டுரை இன்றும் உலகெங்கும் பாடமாக இருக்கிறது. கையிலுள்ள மாதிரியைக் கொண்டு எவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடியும், அதற்கு மேல் முடியாது என்று ஓர் எல்லைக்கோடு போட்டுக் காட்டினார். ஒரு நிகழ்தகவுக்கும் இன்னொரு நிகழ்தகவுக்கும் இடையே உள்ள தூரத்தை அளக்கவும் வழி சொன்னார். 2023-இல் அவருக்குப் பன்னாட்டுப் புள்ளியியல் பரிசு கிடைத்தது. அதே ஆண்டு, 103 வயதை எட்டச் சில நாள்களே இருக்கும்போது மறைந்தார். கிடைக்காத வேலையால் கெட்டுப்போகாத வாழ்வு அது!

உப்புப் பார்க்கும் கரண்டி

இனி அமெரிக்காவுக்குப் போவோம். 1951-இல் வட கரோலினாப் பல்கலைக்கழகத்தில் ஹெர்பர்ட் ராபின்ஸ், சட்டன் மன்றோ என்ற இருவர் ஒரு சிறு கட்டுரை எழுதினார்கள். அதைக் கோயில் அன்னதானச் சமையலோடு ஒப்பிட்டுச் சொன்னால் உங்களுக்குச் சட்டென்று விளங்கும்.

500 பேருக்குச் சாம்பார். உப்புச் சரியா என்று பார்க்க அண்டா முழுவதையும் குடித்துப் பார்ப்போமா? நன்றாகக் கிளறிவிட்டு ஒரு கரண்டி எடுத்துச் சுவைக்கிறோம். குறைவாகத் தோன்றினால் ஒரு கை உப்புப் போடுகிறோம். மறுபடி கிளறி, வேறோர் இடத்தில் ஒரு கரண்டி. இப்போது அரைக் கை. பிறகு ஒரு சிட்டிகை. ஒவ்வொரு கரண்டியும் சற்றுத் தப்பாகச் சொல்லக்கூடும். ஆனால் திருத்தும் அளவைச் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொண்டே போனால், தப்புகள் ஒன்றையொன்று சமன் செய்துகொண்டு, கடைசியில் சரியான ருசிக்கு வந்து சேர்வோம். ரொம்பச் சீக்கிரம் குறைத்துவிட்டால் சேர வேண்டிய இடத்துக்கு முன்பே நின்றுவிடுவோம். குறைக்காமலே விட்டால் கரிப்புக்கும் சப்புக்கும் இடையே ஆடிக்கொண்டே இருப்போம். எந்த வேகத்தில் குறைத்தால் சரியாகப் போய்ச் சேரும் என்பதை அந்த இருவரும் கணக்காக நிரூபித்தார்கள்.

அண்டா முழுவதையும் ஏன் பார்க்க வேண்டாம் என்பதற்குப் புள்ளியியலில் ஒரு விதி இருக்கிறது. பிழையைப் பாதியாகக் குறைக்க வேண்டுமானால் மாதிரியை 4 மடங்காக்க வேண்டும். பத்தில் ஒரு பங்காகக் குறைக்க 100 மடங்கு! 100 கட்டுரை படித்துக் கிடைக்கும் கணிப்பைவிட, 10,000 கட்டுரை படித்துக் கிடைக்கும் கணிப்பு 10 மடங்குதான் மேல். உழைப்போ 100 மடங்கு. ஆகவே ஒரே தடவையில் மலையைப் புரட்டுவதைவிட, சிறு கை சிறு கையாக எடுத்து, ஒவ்வொரு கைக்கும் ஒரு திருத்தம் செய்வதே ஆதாயம்.

1953-இல் இன்னொரு வழியும் பிறந்தது. லாஸ் அலமாஸ் ஆய்வுக்கூடத்தில் மெட்ரோபோலிஸ், ரோசன்புளுத் தம்பதியர், டெல்லர் தம்பதியர் ஆகியோர், எண்ண முடியாத வாய்ப்புகளையெல்லாம் எண்ணாமல், கணினியை அவற்றினூடே சீட்டுக் குலுக்கிக் குலுக்கி நடக்கவிட்டார்கள். அதிகம் பொருந்தும் இடத்தில் அதிக நேரமும் பொருந்தாத இடத்தில் குறைந்த நேரமும் தங்கும்படி நடத்தினார்கள். 1990-க்குப் பிறகு பேயிஸ் பாதிரியாரின் கணக்கை உலகம் முழுவதும் போட வைத்தது இந்த நடைதான். ஆனாலும் ஒரு குறை. ஒவ்வோர் அடி வைக்கும் முன்பும் இருக்கும் தரவு முழுவதையும் ஒருமுறை பார்த்தாக வேண்டும். தரவு சிறிதானால் பரவாயில்லை. மலையளவு ஆகும்போது?

பொன்னேரி ஆசிரியரின் மகன்

இப்போது நம் தமிழ்நாட்டுக்கு வருவோம். சீனிவாச வரதன் 1940-இல் சென்னையில் பிறந்தவர். அப்பா அறிவியல் ஆசிரியர்; பின்னர் பொன்னேரி உயர்நிலைப் பள்ளிக்குத் தலைமையாசிரியர் ஆனவர். வரதன் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துவிட்டுக் கல்கத்தாவுக்குப் போய், மேலே சொன்ன அதே நிறுவனத்தில், அதே ராவிடம் 1963-இல் முனைவர் பட்டம் பெற்றார். அவருடைய ஆய்வேட்டைப் பார்த்தவர்களில் ஒருவர், நிகழ்தகவுக் கணக்குக்கே நவீன அடித்தளம் போட்ட ரஷ்ய மேதை கொல்மகோரோவ். பிறகு நியூயார்க்கின் கூரண்ட் ஆய்வு நிலையத்துக்குச் சென்று, அங்கேயே வாழ்நாள் பணியைச் செய்தார். 2007-இல் கணிதத்துக்கான ஆபெல் பரிசு அவருக்குக் கிடைத்தது.

எதற்காகப் பரிசு? அபூர்வமாக நடப்பவற்றின் கணக்குக்காக. நாணயத்தை 1,000 தடவை சுண்டினால் சுமார் 500 தடவை தலை விழும். 700 தடவை விழுமா? விழலாம், ஆனால் மிக மிக அபூர்வம். எவ்வளவு அபூர்வம் என்று அளக்கும் பொது வழியை வரதன் உருவாக்கினார். 1975 முதல் மன்ரோ டான்ஸ்கரோடு சேர்ந்து எழுதிய கட்டுரைகளில் வந்த ஒரு சூத்திரம், இன்று எந்திரக் கற்றல் துறையில் டான்ஸ்கர்-வரதன் சூத்திரம் என்ற பெயராலேயே வழங்குகிறது. கூட்டிப் பார்க்கவே முடியாத ஒரு பெருந்தொகையை, தேடிப் பார்க்கக்கூடிய ஒன்றாக அது மாற்றிக் கொடுக்கிறது. "எல்லா வழியையும் எண்ணு" என்பதற்குப் பதில் "இருப்பவற்றில் எது மிக நன்றாகப் பொருந்துகிறது, தேடு" என்கிறது. எண்ணுவதற்குத்தான் ஆயுள் போதாது. தேடுவதற்கோ நம் கையில் உப்புப் பார்க்கும் கரண்டி இருக்கிறதே!

பள்ளி வாத்தியார் பிள்ளை ஒருவரின் பெயர், உலகத்துக் கணினிப் பாடங்களில் ஒரு சூத்திரத்தின் பெயராக நிற்கிறது. எண்ணிப் பாருங்கள், மாணவர்களே.

38 இலட்சம் கட்டுரைகள்

இந்த இரண்டு வழிகளும் நம் காலத்தில் ஒன்று சேர்ந்தன. 2003-இல் டேவிட் பிளெய், ஆண்ட்ரூ இங், மைக்கேல் ஜோர்டன் என்ற மூவர், குவிந்து கிடக்கும் கட்டுரைகளைத் தலைப்பு வாரியாகத் தானே பிரிக்கும் ஒரு நிகழ்தகவு முறையை உருவாக்கினார்கள். "பந்து", "கோல்", "நடுவர்" என்ற சொற்கள் சேர்ந்து வந்தால் ஒரு தலைப்பு. "மருந்து", "நோயாளி" என்றால் வேறு தலைப்பு. ஒரே கட்டுரையில் பல தலைப்பு கலந்தும் இருக்கலாம். யாரும் முன்கூட்டிச் சொல்லித் தராமலே கணினி இதைக் கண்டுபிடித்தது. ஆனால் குறிப்பேட்டை ஒரு தடவை திருத்துவதற்கு, குவியல் முழுவதையும் ஒரு தடவை படித்தாக வேண்டியிருந்தது.

2013-இல் ஹாஃப்மன், பிளெய், வாங், பெய்ஸ்லி என்ற நால்வர் இதை மாற்றினார்கள். குவியலிலிருந்து குலுக்கல் முறையில் ஒரு சிறு கை கட்டுரை எடு, படி, குறிப்பேட்டைக் கொஞ்சம் திருத்து, அடுத்த கையை எடு. திருத்தும் அளவு, ராபின்ஸ்-மன்றோ சொன்னபடியே குறைந்துகொண்டு போகும். எந்தத் திசையில் திருத்துவது என்பதற்கு, ராவ் 1945-இல் காட்டிய தூரக் கணக்கின் வழி வந்த முறை உதவியது. இப்படி அவர்கள் 'நேச்சர்' இதழின் 3 இலட்சம் கட்டுரைகள், நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையின் 18 இலட்சம் கட்டுரைகள், விக்கிப்பீடியாவின் 38 இலட்சம் கட்டுரைகள் ஆகியவற்றைக் கணினிக்குப் படிக்கக் கொடுத்தார்கள்.

இதற்கு இரண்டு ஆண்டு முன்னதாக, 2011-இல், வெல்லிங், தே என்ற இருவர் லாஸ் அலமாஸ் நடையையும் சிறு கைக்கு ஏற்றபடி மாற்றினார்கள். ஒவ்வொரு திருத்தத்தோடும் வேண்டுமென்றே ஒரு சிறு தள்ளாட்டத்தைச் சேர்த்தார்கள். ஏன் தெரியுமா? கணினி ஒரே விடையில் போய் உட்கார்ந்துகொண்டு "இதுதான் சரி" என்று அடம் பிடிக்காமல், சரியாக இருக்கக்கூடிய விடைகளையெல்லாம் சுற்றிவர வேண்டும் என்பதற்காக.

2017-இல் பாலாஜி லட்சுமிநாராயணன் முதலிய மூவர் இன்னும் எளிதான ஒரு வழி சொன்னார்கள். ஒரே எந்திரத்தை நம்பாதே. தனித்தனியாகச் சில எந்திரங்களுக்குக் கற்றுக் கொடு. எல்லாம் ஒரே விடை சொன்னால் நம்பிக்கை கொள். ஆளுக்கொன்று சொன்னால், "இதில் சந்தேகம் இருக்கிறது" என்று எடுத்துக்கொள். மகலனோபிஸின் இரண்டு குழுக்கள் நினைவுக்கு வருகின்றனவா? அவரைப் பார்த்துச் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நல்ல எண்ணம் ஒன்று 80 ஆண்டு கழித்து வேறு வேடத்தில் வந்து நிற்பதைப் பார்க்கிறோம்.

மாணவன் கேட்டானே, டெலிபோனில் பேசும் எந்திரம், அதுவும் இந்தச் சிறு கை, சிறு திருத்தம் என்ற முறையில்தான் கற்கிறது. அடுத்து என்ன சொல் வரக்கூடும் என்பதை நிகழ்தகவாகக் கணக்கிட்டுத்தான் பேசுகிறது. அதன் பள்ளிக்கூடம் எங்கே என்று கேட்டால், அதுபோன்ற பள்ளிக்கூடங்கள் நம் ஜொகூரிலேயே எழுகின்றன. கூலாயில், முன்பு கூலாய் யங் தோட்டமாக இருந்த நிலத்தில் இன்று தரவு மையக் கட்டடங்கள் நிற்கின்றன. நம் தெப்ராவ் பக்கம் தோட்ட நிலங்கள் வீடமைப்பும் கடைத்தொகுதியும் ஆனதைக் கண்ணால் பார்த்தவர்கள் நாம். நிரை நிரையாய் மரம் நின்ற மண்ணில் இப்போது நிரை நிரையாய்க் கணினி நிற்கிறது. அங்கே மரம் வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் அதன் காவலுக்கு மட்டும் போவார்களா, கணக்குக்கும் போவார்களா என்பது நம் வகுப்பறைகளைப் பொறுத்தது.

கலக்காத பானை

இப்போது அப்பாவின் வாளிக்குத் திரும்புவோம்.

சிறு கை போதும் என்பது ஒரு நிபந்தனையின் பேரில்தான். அந்தக் கை முழுக் குவியலுக்கும் நியாயமான பிரதிநிதியாக இருக்க வேண்டும். மகலனோபிஸ் குலுக்கிப் போட்டது அதற்காக. அன்னதானத்தில் கிளறுவது அதற்காக. தண்ணீர் கலந்த வாளியிலிருந்து மட்டும் எடுத்தால், எத்தனை பெரிய கணக்குப் புலி வந்தாலும் விடை தப்பாகத்தான் வரும். இன்னொன்றையும் கவனியுங்கள். அதே வாளியிலிருந்து ஒரு தடவைக்குப் பத்துத் தடவை எடுத்தாலும் விடை திருந்தாது. தப்பு அப்படியே இருக்கும், நம்முடைய நம்பிக்கை மட்டும் கூடிக்கொண்டே போகும். தரவு பெரிதாவதால் மட்டும் உண்மை வந்துவிடாது.

எந்திரத்துக்குக் கொடுக்கும் குவியலில் ஆங்கிலம் மலையளவு. தமிழ் அதற்கு முன் சிறு மேடு. அதிலும் நம் தோட்டப்புறத்துப் பேச்சு, நம் பாட்டிமார் சொல்லும் கதை, நம் மலேசியத் தமிழ் வாழ்க்கை எவ்வளவு இருக்கும்? பானையில் இல்லாத அரிசி கரண்டியில் எப்படி வரும்? "பெரட்டு" என்றால் என்ன, "மங்கு" என்றால் என்ன என்று எந்திரம் தடுமாறினால் குற்றம் எந்திரத்தின் மேல் மட்டும் இல்லை. நாம் எழுதி வைக்கவில்லை. ஆகவே மாணவர்களே, எழுதுங்கள். தாத்தா சொன்னதை, அம்மா சொன்னதை, நல்ல தமிழில் எழுதி வையுங்கள். இந்த மலரில் நீங்கள் எழுதும் ஒரு பக்கமும் பானையில் விழும் ஒரு பிடி அரிசிதான்.

பெற்றோருக்கு ஒரு சொல்

பரிசளிப்பு நாளில் இதையெல்லாம் ஏன் எழுதினேன்? அதையும் சொல்லிவிடுகிறேன்.

இன்று மேடையேறிப் பரிசு வாங்கும் பிள்ளைகளை மனமார வாழ்த்துகிறேன். அவர்கள் உழைத்தார்கள், பெற்றார்கள். ஆனால் நாற்காலியில் உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருக்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி நாம் என்ன முடிவுக்கு வருகிறோம்? ஒரு தேர்வு என்பது ஒரு கரண்டி. அன்று காய்ச்சலாக இருந்திருக்கலாம், வீட்டில் சண்டையாக இருந்திருக்கலாம், விடிய விடியத் தம்பியைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கலாம். மழைத் தண்ணீர் கலந்த வாளியைப் பார்த்து முழுப் பாலுக்கும் விலை போடலாமா? யூபிஎஸ்ஆர் தேர்வு 2021-இல் நிறுத்தப்பட்டது. ஆனால் ஒரே தாளைப் பார்த்துப் பிள்ளையின் தலையெழுத்தைச் சொல்லும் பழக்கம் நம் மனத்தை விட்டுப் போகவில்லை. "இவனுக்குக் கணக்கு வராது" என்று சொல்லும்முன் யோசியுங்கள். எத்தனை கரண்டி எடுத்துப் பார்த்தீர்கள்? கலக்கிவிட்டு எடுத்தீர்களா? எவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்கள்?

இது ஆசிரியர்களாகிய எங்களுக்கும் பொருந்தும். நானும் அவசரப்பட்டு அப்படிச் சொன்னவன்தான். எந்திரத்துக்கே "எனக்கு இவ்வளவுதான் உறுதி" என்று சொல்லக் கற்றுக் கொடுத்திருக்கிறார்கள். நாம் கற்றுக்கொள்ளக் கூடாதா?

ஒரு சிறு திருத்தம், பிறகு இன்னொரு சிறு திருத்தம். நேற்றைவிட இன்று கொஞ்சம் மேல். எந்திரம் அப்படித்தான் மலையளவு படித்தது. நம் பிள்ளைகளும் அப்படித்தான் படிப்பார்கள். அடுத்த கரண்டிக்கு இடம் கொடுங்கள். அவசரப்பட்டு அடுப்பை அணைத்துவிடாதீர்கள்.

அப்பா இப்போது மரம் வெட்டுவதில்லை. வயதாகிவிட்டது. இந்தக் கட்டுரையை அவருக்குப் படித்துக் காட்டினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "இதைத்தானப்பா நான் அன்னிக்கே சொன்னேன்!"